சேர்க்கை எண் 4087

அனுப்புநர் வரைக்கும் எழுதிவிட்டேன். சு. பூவிழி, பன்னிரண்டாம் வகுப்பு அ பிரிவு என்று எழுதி, அதை அடித்து, முன்னாள் மாணவி என்று போட்டேன். பெறுநர் பிரின்சிபல் மேடம். அதுவும் ஆச்சு. பொருள் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்ததும் பேனா நின்றுவிட்டது. மை இருக்கிறது, கை வலிக்கவில்லை, மொத்தமே பத்து வரி. ஆபீஸ் சென்னியப்பன் அண்ணன் மாதிரிக் கடிதமே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். "இதப் பாத்து அப்படியே எழுது அம்மிணி, காலி எடத்துல மட்டும் உன் சமாச்சாரத்தப் போடு. எல்லாரும் எழுதறதுதான்." எல்லாரும் எழுதுவதுதான். அவர் அலமாரியில் ஒரு பைல் முழுக்க மன்னிப்புக் கடிதம்தான் இருக்கிறது. சுவர் ஏறிக் குதித்தவன், செல்போன் கொண்டுவந்தவள், தலையில் கோடு போட்டு முடி வெட்டியவன், எல்லாரும் ஒரே மாதிரி 'நான் செய்த தவறை முழுமையாக உணர்ந்து'. அதில் என்னுடையதே அஞ்சு இருக்கும். எட்டாவதில் நகப்பூச்சுக்கு ஒன்று, ஒன்பதாவதில் தமிழ் மிஸ்ஸிடம் 'ஏன்' என்று கேட்டதற்கு ஒன்று. அஞ்சையும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். எதையும் உணரவில்லை, முழுமையாகவும் இல்லை, பாதியாகவும் இல்லை. அப்போதெல்லாம் ஓடிய பேனா இப்போது ஏன் நிற்கிறது? எழுதித் தொலை. எழுதினால் டி.சி. டி.சி. இருந்தால் பதினொன்றே முக்கால் பஸ். பஸ் பிடித்தால் ஒரு மணிக்கு ஈரோடு காலேஜ். இன்றைக்கு நாலு மணிக்குள் ஒரிஜினல் டி.சி.யும் நன்னடத்தைச் சான்றும் கொடுக்காவிட்டால் சீட்டு அடுத்த ஆளுக்கு. பி.எஸ்சி. சைபர் செக்யூரிட்டி. அந்த சீட்டுக்காகத்தான் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் படிப்பு எதைச் செய்யச் சொல்லித் தருமோ அதைச் செய்ததற்குத்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும். சிரிப்பு வருகிறது. சிரித்தால் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மேடம் பார்ப்பார், அதற்கு ஏழாவது கடிதம்.

எதிர்ச் சுவரில் பச்சைப் பலகை. எல்.கே.ஜி.யிலிருந்து பதினாலு வருஷமாகப் பார்க்கிற பலகை. 'இன்று பிறந்தநாள் காணும் எம் செல்வங்கள்' என்று பெயின்டில், அதற்குக் கீழே தினமும் சாக்பீஸில். இன்றைக்கு ஒரே பெயர். மோ. தன்ஷிகா, யு.கே.ஜி. ஆ பிரிவு, சேர்க்கை எண் 4087. எண் எதற்கு என்று ஒருநாள் அண்ணனிடம் கேட்டேன். "ஒரே பேர்ல நாலு பேரு இருக்குதுங்க கண்ணு, பென்சில் டப்பா மாத்திக் குடுத்துட்டா அம்மாக்காரி சண்டைக்கு வருது." நியாயம்தான். இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும். இடைவேளை மணி அடித்ததும் அண்ணன் வந்து, பிறந்தநாள் பிள்ளையைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுப்பார். அது பள்ளிக்கூடத்து இணையப் பக்கத்தில் ஏறும், ஊரே பார்த்து லைக் போடும். போன வருஷம் பெற்றோர் செயலி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பெயர் இருக்கும் இடத்தில் சேர்க்கை எண், கடவுச்சொல் இருக்கும் இடத்தில் பிறந்த தேதி. மாற்ற முடியாது. முதலில் முடிந்தது, ஆனால் அப்பாமார்கள் மாற்றிவிட்டு மறந்துபோய் ஆபீசில் வரிசை கட்டினார்கள் என்று, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டச் சொல்லிவிட்டார்கள். பூட்டை யாரும் மாற்றக் கூடாது என்று பூட்டி, சாவியைத் தினமும் காலையில் சாக்பீஸில் எழுதி, போட்டோ பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க மூளையே வேண்டாம். மேடம் இதற்கு ஹேக்கிங் என்று பெயர் வைத்திருக்கிறார். ஹேக்கிங்காம். ஒரு பலகையைப் படித்தேன், அவ்வளவுதான். படிக்கத்தானே இங்கே அனுப்பினார்கள்.

இல்லை, அவ்வளவுதான் இல்லை. அங்கேதான் பேனா நிற்கிறது. அதை அப்புறம் யோசிக்கலாம்.

பரீட்சை முடிந்து ஏப்ரலில் பஸ் ஸ்டாண்டு பேக்கரி மாடியில் ஒரு மாதக் கோர்ஸ் சேர்ந்தேன். கீழே பப்ஸ் வேகிற வாசனை, மேலே பன்னிரண்டு கம்ப்யூட்டர், அதில் எட்டு ஓடும். ரிஸ்வானா மிஸ்ஸுக்கு என்னைவிட அஞ்சாறு வயசுதான் கூட இருக்கும். தினமும் முதல் பத்து நிமிஷம் போர்டில் ஒரு தர்மசங்கடம் எழுதுவார். நீ ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறாய், உன் மாமா பெயரும் அவர் நோயும் கண்ணில் படுகிறது, அத்தை வந்து கேட்கிறாள், சொல்வாயா? ஹாஸ்டலில் திருட்டு, கண்டுபிடிக்கக் கேமரா வைக்கச் சொல்கிறார்கள், எங்கே வரைக்கும் வைப்பாய்? கை தூக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். முதல் நாள் போட்டது சின்னது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, வீட்டில் ஆள் இல்லை, என்ன செய்வாய்? ஒருத்தன் போலீசைக் கூப்பிடுவேன் என்றான், ஒருத்தி உள்ளே போய்த் திருடன் இருக்கிறானா பார்ப்பேன் என்றாள். நான், "கதவச் சாத்திட்டுப் போவேன் மிஸ்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "பெர்மிஷன் இல்லாம அடுத்தவங்க கதவத் தொடலாமா?" என்றார் மிஸ். "அப்ப எது சரி மிஸ்?" "விடை கிடையாது. ரெண்டு பக்கமும் எழுதுங்க. யோசிக்கறதுதான் விடை." எனக்கு எரிச்சலாக வந்தது. "யோசிச்சு முடிச்சதுக்கப்புறம் என்ன பண்றது மிஸ்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ரெண்டு பக்கமும் எழுதினால் பத்துக்குப் பத்து. கதவு அங்கே திறந்தபடியே கிடக்கும்.

ஆனால் ஒன்று சொல்லித் தந்தார், அதை நான் பிடித்துக்கொண்டேன். ஓட்டை கண்டால் முதலில் உடையவரிடம் சொல்லு, அவகாசம் கொடு, ஊரைக் கூட்டாதே. அதைத்தான் செய்தேன். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்து மெயிலுக்கு எழுதினேன், பதில் இல்லை. பத்து நாள் கழித்து மறுபடி. அந்த மெயிலை யாரும் திறப்பதே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆபீசுக்குப் போன் செய்தேன். "ஸ்கூல் தொறக்கட்டும் கண்ணு, பாத்துக்கலாம்." ஸ்கூல் திறந்து மூன்று வாரம் ஆச்சு. இன்றைக்குக் காலையில் டி.சி. வாங்க வந்தபோது கையோடு ஒரு பிரிண்டும் எடுத்து வந்தேன். மேடத்தின் பெண் நேத்ரா இங்கேதான் ஆறாவது. போன நவம்பரில் பலகை பக்கத்தில் மஞ்சள் கவுன் போட்டு நிற்கிற போட்டோ இன்னும் இருக்கிறது. எண் போட்டேன், தேதி போட்டேன், பக்கம் திறந்தது. வீட்டு முகவரி, பஸ் நிற்குமிடம், மூச்சுத்திணறல் உண்டு, வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரம் என்ற கட்டத்தில் 'மாலை 4.30 முதல் 6.45 வரை தனியாக, சாவி எதிர் வீட்டில்'. அதை மேஜைமேல் வைத்தேன். மேடம் அதை ரெண்டு தடவை படித்தார். "எம் பொண்ணு தனியா இருக்கற நேரத்த நீ பிரிண்ட் எடுத்துட்டு வந்திருக்கற." "அதத்தான் மேடம் நானும் சொல்றேன். யாரு வேணாலும் எடுக்கலாம்." "யாரு வேணாலும் எடுக்கல. நீ எடுத்த." நல்ல பதில். ஓட்டையைக் காட்ட என் பக்கமே போதும். அம்மாவின் சம்மதத்தோடு என் பக்கத்தை மேடம் முன்னாலேயே திறந்து காட்டியிருக்கலாம். நேத்ராவுடையதை எடுத்தது பயப்படட்டும் என்றுதான். ரெண்டு மெயிலுக்கும் ஒரு போனுக்கும் சேர்த்து வைத்துப் பயமுறுத்தினேன். நிஜமாகவே பயந்துவிட்டார். அவர் அந்தப் பிரிண்டை அவசரமாகக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்தபோது எனக்கு ஒரு நொடி நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடிக்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கலாம், அதற்கு மாதிரிக் கடிதத்தில் காலி இடம் இல்லை.

போன் அதிர்கிறது. அம்மா. மில்லில் இடைவேளையாக இருக்கும், பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது, போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். "எழுதிக் குடுத்துட்டு வாங்கிட்டு வா சாமி. நீ சொன்னதெல்லாம் சரிதான். சரியா இருந்து என்ன பண்றது, சர்டிபிகேட் அவங்க கையில இருக்குது. அப்பாகிட்ட இன்னும் சொல்லல." அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் எங்கேயோ போர் போட்டுக்கொண்டிருக்கிறார், ஆறு மாசம் அங்கே, மழை பிடித்தால்தான் இங்கே. 'என்ற பொண்ணு கம்ப்யூட்டர் போலீசுக்குப் படிக்கப் போவுது' என்று வண்டியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் போலீஸ் கம்ப்யூட்டர் திருடியாகி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் அப்பா. எழுதிவிடலாம்தான். வெறும் மன்னிப்பு என்றால் இந்நேரம் எழுதி பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் இருப்பேன். ஏற்கெனவே அஞ்சு பொய் எழுதியவளுக்கு ஆறாவது என்ன கசக்கிறதா? ஆனால் மேடம் கடைசியில் ஒன்று சேர்த்துச் சொன்னார். "நீ யார் யாரோட பக்கத்தத் தொறந்தியோ, அத்தன பேரும் அதுல இருக்கணும். பேரு, வகுப்பு. அவங்க பேரன்ட்ஸக் கூப்பிட்டு நான் சொல்லியாகணும்." அதுவும் நியாயம்தான். சொன்னேன் இல்லையா, இங்கே எல்லாத்துக்கும் நியாயம் உண்டு.

யார் யாருடைய. நேத்ரா. அப்புறம்.

நான் முதலில் திறந்தது என்னுடையது. கடைசியில் 'ஆசிரியர் குறிப்பு' என்று ஒரு கட்டம், அப்பா அம்மா போனில் தெரியாது, கம்ப்யூட்டரில் திறந்தால் தெரிந்தது. என்னுடையதில், 'படிப்பு நன்று. எதிர்த்துப் பேசுவாள்.' விழுந்து விழுந்து சிரித்தேன். இதே மாதிரி எல்லாருடையதும் திறக்குமா? அந்தக் கேள்வி வந்தபோது மாடி ரூமில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கீழே யாரோ பன் வெட்டுகிற சத்தம். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பிறந்தநாள் ஒன்றுதான். சிந்துஜா. ஆகஸ்ட் பதினேழு. எல்.கே.ஜி.யில் ஒரே நாளில் அடுத்தடுத்துச் சேர்ந்தோம், என் எண் 2211, அவள் 2212. கை தானாகப் போனது என்று சொல்லலாம். தானாகப் போகவில்லை, நான்தான் அனுப்பினேன். அவளைப் பற்றி என்ன எழுதியிருப்பார்கள், என்னைவிட நல்லதாகவா என்று பார்க்க ஆசை. அவள் கட்டத்தில், 'தந்தை சிறையில். இது குறித்து மாணவியிடமோ மற்றவரிடமோ பேச வேண்டாம் எனத் தாய் கேட்டுக்கொண்டார்.' அவ்வளவுதான் இருந்தது. டக்கென்று மூடினேன். மூடினால் படிக்காததாகிவிடுமா?

மஸ்கட். அவள் அப்பா மஸ்கட்டில் என்றுதான் பத்து வருஷமாகச் சொல்கிறாள். எட்டாவதில் ஒருநாள் பேரீச்சம்பழப் பாக்கெட் கொண்டுவந்து வகுப்புக்கே கொடுத்தாள், எங்கப்பா அனுப்பினாரு என்று. நான் பாக்கெட்டைத் திருப்பினேன். பின்னால் நம்மூர் மளிகைக்கடை ஸ்டிக்கர். "ஏய், இது கடைவீதில வாங்குனதுடி" என்று கத்தினேன். ஏன் கத்தினேன்? ஓட்டையைக் கண்டால் கத்துவேன், அப்போதே அப்படித்தான். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "கொண்டு வந்த மாமா அங்க வாங்க மறந்துட்டு இங்க வாங்கிட்டாரு, கேவலமான மாமா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவள்தான் அதிகம் சிரித்தாள். பதிமூணு வயசில் அத்தனை வேகமாக ஒரு பூட்டைப் போட்டிருக்கிறாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒழுங்கான பாதுகாப்பு செய்த ஒரே ஆள் அவள்தான். தினமும் சரிபார்த்து, ஒருத்தருக்கும் ஓட்டை காட்டாமல் பத்து வருஷம். அதைப் பள்ளிக்கூடம் ஒரு கட்டத்தில் எழுதி வைத்தது, நான் போய்ப் படித்தேன்.

படித்ததற்கு அடுத்த வாரம் பஸ்ஸில் பார்த்தேன். ஜன்னல் சீட்டைக் கொடுத்தேன். அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். சுண்டல் வாங்கிக் கொடுத்து, காரம் போதுமா என்று கேட்டேன். பூவிழி காரம் போதுமா என்று கேட்கிறாள்! அவள் என்னையே பார்த்துவிட்டு, "என்னடி திடீர்னு இவ்ளோ நல்லவளாயிட்ட? என்னப் பாத்தா பாவமா இருக்குதா?" என்றாள். "லூசாடி நீ" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்கப்புறம் நான் போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. ரிஸ்வானா மிஸ்ஸிடம் மட்டும், பேர் சொல்லாமல் கேட்டேன். "ஒன்னோட பக்கத்தப் பாத்ததும் நிறுத்தியிருக்கணும். அதுக்கு மேல தொறந்தது தப்பு" என்றார், முதல் தடவையாக ஒரு பக்கம் மட்டும் பேசினார். உடனே, "ஸ்கூல்ல எம்பேரச் சொல்லிறாத, ப்ளீஸ்" என்றார். சொல்லவில்லை மிஸ். உங்கள் பெயரும் இந்தப் பேப்பரில் வராது.

இப்போது இந்தப் பெயரை எழுதினால் என்ன நடக்கும் என்று ஒழுங்காக யோசி, ரெண்டு பக்கமும் எழுது, பத்து மதிப்பெண். எழுதினால் டி.சி. உண்டு. மேடம் அவள் அம்மாவைக் கூப்பிடுவார். அந்த அம்மா இதே பெஞ்சில் உட்காருவார். இந்தப் பெண் உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டாள் என்று மேடம் சொல்வார், சென்னியப்பன் அண்ணன் பைலைப் புரட்டுவது போல நின்று கேட்பார், எதைப் பார்த்தாள் என்று ஆபீசே கேட்கும். நான் சொல்வதற்கு முன்னாலேயே சிந்துஜா அவள் அம்மா வாயால் தெரிந்துகொள்வாள், நான் சுண்டல் வாங்கிக் கொடுத்தது எதற்கென்று. எழுதாவிட்டால் பொய்க் கடிதம், நேத்ரா மட்டும்தான் என்று. அதுவும் டி.சி. வாங்கித் தரும். யாருக்கும் தெரியாது. அதுதான் சுலபம். அஞ்சு கடிதம் அப்படித்தானே எழுதினாய். ஆனால் நான் எதற்கு இங்கே வந்தேன்? இவர்கள் பூட்டு பொய்ப் பூட்டு என்று சொல்லத்தானே வந்தேன், நானே ஒரு பொய்யை எழுதி அந்தப் பைலில் பூட்டிவைத்துவிட்டு ஈரோட்டுக்குப் போய் மூன்று வருஷம் தர்மசங்கடம் படிப்பதா? மணி பதினொன்று இருபத்தாறு. பேனா மூடியைக் கடித்து ஒரு பக்கம் நசுங்கிவிட்டது.

"அக்கா, சாக்லேட்."

பக்கத்தில் ஒரு ரோஸ் கவுன். தலையில் கிரீடம் மாதிரி ஒன்று, ஒரு பக்கம் சாய்ந்து. கையில் எவர்சில்வர் டப்பா, அதை ரெண்டு கையாலும் பிடித்திருக்கிறது. ஆயா அந்தப் பக்கம் ஆபீஸ் வாசலில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். "ஒனக்கு இன்னிக்கு பர்த்டேவா?" "ஆமா. ரெண்டு எடுத்துக்கோங்க. மிஸ்ஸுங்களுக்கு ரெண்டு, பிள்ளைங்களுக்கு ஒண்ணு." "நான் மிஸ் இல்ல." என்னை மேலும் கீழும் பார்த்தது. "யூனிபார்ம் போடல, அப்ப ரெண்டு." நல்ல தீர்ப்பு, ரெண்டு பக்கமும் எழுதவில்லை. "போட்டோ எடுக்க வந்திருக்கேன்" என்றது. "ஊரே பாக்கும்னு அம்மா சொல்லுச்சு." ஊரே பார்க்கும். யு.கே.ஜி. என்றால் பிறந்த வருஷம் விரல்விட்டுச் சொல்லலாம். 4087. வீட்டில் யார் எந்நேரம் இருப்பார்கள், சாவி எங்கே, எந்த ஸ்டாப்பில் இறங்கும். இதுவும் இன்றைக்கு நாலு மணிக்கு எனக்கு சீட்டு கிடைப்பதும் ஒரே தராசில் வைக்கிற சமாச்சாரமா? தராசே வேண்டாம். எழுந்தேன். நாலு எட்டு. உள்ளங்கையை வைத்து ஒரே இழுப்பு. சேர்க்கை எண் போய் வெள்ளையாக ஒரு தீற்றல் மட்டும் நின்றது. பெயர் அப்படியே இருக்கிறது, கவுன் அப்படியே இருக்கிறது, பிறந்தநாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை மட்டும் சாத்தினேன். பழைய போட்டோவெல்லாம் திறந்துதான் கிடக்கிறது, தெரியும். தெரிந்தும் சாத்தினேன்.

மணி அடித்தது. அண்ணன் போனோடு வந்தார், பிள்ளையை நிறுத்தினார், பலகையைப் பார்த்தார். "அம்மிணி, நெம்பர் எங்க?" "நாந்தான் அழிச்சங்ணா." "எதுக்கு?" "பேரு போதும்ணா. பென்சில் டப்பாவ நேராக் கையிலயே குடுங்க, மாறாது." அவர் என்னையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் பார்த்தார். பிள்ளை சிரித்துக்கொண்டே நிற்கிறது, வாய் வலிக்கும் அதற்கு. கடைசியில் போட்டோவை எடுத்தார்.

பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். இப்போது பேனா ஓடியது, மாதிரியைப் பார்க்கவில்லை. பொருள்: பெற்றோர் செயலியின் ஓட்டையும், என் தவறும். இரண்டும் வேறு வேறு என்று முதல் வரியிலேயே எழுதினேன். ஓட்டையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், ரெண்டு மெயில் தேதியும் இதோ. நேத்ராவின் பக்கத்தைத் திறந்தது உங்களைப் பயமுறுத்த, அது தவறு, அதற்கு உங்களிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னொருவர் பக்கத்தையும் திறந்தேன். யாருடையது என்று எழுத மாட்டேன். எழுதினால் இன்னொரு முறை திறந்ததாகும். அவரிடம் நானே நேரில் போய்ச் சொல்வேன், இன்றைக்கே, அவர் என்னை அடித்தாலும் சரி. இன்று 11.35-க்குப் பலகையில் இருந்த சேர்க்கை எண்ணை அழித்ததும் நான்தான். 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள' வரைக்கும் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்தேன். பூவிழி.

சென்னியப்பன் அண்ணன் வாங்கி நின்றபடியே படித்தார். உதடு அசைய அசைய, வரி வரியாக. 'அவர் என்னை அடித்தாலும்' என்ற இடத்தில் புருவம் ஏறியது. "இத உள்ள கொண்டு போனா டி.சி. வராது அம்மிணி." "தெரியும்ணா. கொண்டு போங்க." "நாலு மணிக்குள்ள ஈரோடு போவோணும்னியே." "ஆமா." வெளியே பதினொன்றே முக்கால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புகிற சத்தம் கேட்டது. அம்மா, அப்பா, ராய்ப்பூர், எல்லாம் ஒரே தடவையில் வந்து போனது. எழுந்திருக்கவில்லை. ஒரு சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டேன், இன்னொன்றைப் பையில் வைத்தேன், சிந்துஜாவுக்கு.

"அண்ணா, நாளைக்கு யாருக்கு பர்த்டே?"

"எதுக்குக் கேக்கற?"

"நாளைக்கும் வரோணும்ல, நெம்பர அழிக்க."